ஆயுதம் ஏந்திய கையும் அரியணையும்

சென்ற கல்வியாண்டில் பெற்றோர் - ஆசிரியர் கூட்டம் நடைபெற்ற ஒரு சனிக்கிழமை. கூட்டம் கலைந்த பிறகு மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை என் மேசையருகே வந்து நின்றார். நாமக்கல் பக்கத்துக்காரர். சொந்த லாரி வைத்துத் தாமே ஓட்டுகிறவர். மகளின் மதிப்பெண்களைப் பற்றிப் பேசி முடித்ததும், பேச்சு நாட்டு நடப்பின் பக்கம் திரும்பியது. வடக்கே லோடு ஏற்றிச் சென்று திரும்புவதற்குள் எத்தனை இடங்களில், எத்தனை பேருக்குக் காசு அழவேண்டியிருக்கிறது என்று மனம் வெதும்பிச் சொன்னார். பிறகு ஒரு பெருமூச்சோடு, "அஞ்சு வருசத்துக்கு மிலிட்டரி ஆட்சி வந்தாத்தானுங்க டீச்சர் இந்த நாடு உருப்படும்" என்றார்.

நான் மறுமொழி கூறுமுன் பக்கத்தில் நின்ற மகள் முந்திக்கொண்டாள். "அதுக்குத்தானப்பா நான் மிலிட்டரியில ஆபீசர் ஆகற பரீட்சை எழுதறேங்கறேன்!"

அவர் முகம் மாறிவிட்டது. "பொம்பளப் புள்ளைக்கு அதெல்லாம் எதுக்குங்க டீச்சர்? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்று என்னையே துணைக்கு அழைத்தார்.

இராணுவம் நாட்டையே ஆளலாமாம். ஆனால் தம் மகள் மட்டும் இராணுவத்தில் சேரக்கூடாதாம்! அன்று மாலை பேருந்தில் வீடு திரும்புகையில் எனக்குச் சிரிப்பும் வந்தது. கூடவே கவலையும் வந்தது. ஏனெனில் அத்தந்தை தனியொருவர் அல்லர். டீக்கடையிலும் திருமண வீட்டிலும் ரயில் பெட்டியிலும் இதே பேச்சை நாம் கேட்கிறோம். பள்ளிப் பேச்சுப் போட்டியில் மாணவி ஒருத்தி இராணுவ ஆட்சியே நாட்டுக்கு மருந்து என்று முழங்கியபோது அரங்கமே கைதட்டியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அன்று அவருக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. வரலாறு கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கடனை இந்த ஆண்டு மலரின் வாயிலாகத் தீர்க்க முயல்கிறேன். இராணுவ அகாடமியில் பயின்று வெளிவந்தவர்கள் ஒரு நாட்டின் வரலாற்றை எவ்வாறு மாற்றுகிறார்கள்? இதுவே நம் முன் உள்ள வினா. விடையைத் தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. திருச்செங்கோடு வரை சென்றாலே போதும்.

நம் மண்ணின் தளபதி

திருச்செங்கோட்டுக்கு அருகில் குமாரமங்கலம் என்ற ஊர் இருக்கிறது. முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது; 1997-ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து நாமக்கல் மாவட்டத்தில் சேர்ந்துள்ளது. அவ்வூர் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கியவர். அவருடைய மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1913-ல் பிறந்தார். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் படித்து, பின்னர் உல்விச் அரச இராணுவ அகாடமியில் சேர்ந்தார். 1741-ல் தொடங்கப்பட்ட பழம்பெரும் பயிற்சிக் கல்லூரி அது. பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் அதிகாரிகளை ஆயத்தம் செய்த இடம். அங்கே தேறி, 1933-ல் பீரங்கிப் படை அதிகாரியானார் நம் குமாரமங்கலத்துக்காரர்.

இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பீரங்கிப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கிப் போரிட்டார். 1942-ல் அங்கே காட்டிய வீரத்துக்காக டி.எஸ்.ஓ. என்னும் உயர்ந்த விருது பெற்றார். பகைவரிடம் சிறைப்பட்டுப் போர்க்கைதியாகவும் வாடினார். விடுதலை பெற்ற இந்தியாவில் படிப்படியாக உயர்ந்து, 1966 ஜூன் மாதம் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார்.

அவர் பொறுப்பேற்ற காலம் எப்படிப்பட்டது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1964-ல் நேரு மறைந்தார். 1965-ல் பாகிஸ்தானுடன் போர். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்ட் நகரில் மறைந்தார். மழை பொய்த்து, பீகாரில் பஞ்சம் வந்தது. கப்பலில் வரும் அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்து நாடே ரேஷன் கடை வாசலில் நின்றது. 1967 பிப்ரவரியில் நான்காவது பொதுத்தேர்தல் வந்தபோது, லண்டன் 'டைம்ஸ்' நாளேட்டின் நிருபர் நெவில் மாக்ஸ்வெல், இந்தியாவில் மக்களாட்சி சிதைந்து வருகிறது, இதுவே அங்கு நடக்கும் கடைசித் தேர்தலாக இருக்கக்கூடும் என்ற கருத்துப்பட எழுதினார். அடுத்து வரப்போவது இராணுவம்தான் என்று வெளிநாட்டார் பலர் நம்பினர்.

நடந்தது என்ன? தேர்தல் அமைதியாக நடந்தது. பல மாநிலங்களில் ஆளும் காங்கிரஸ் தோற்றது. நம் சென்னை மாநிலத்தில் அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். ஆட்சிகள் மாறின, ஒரு டாங்கியும் தெருவுக்கு வரவில்லை. ஒரு வானொலி நிலையத்தையும் சிப்பாய்கள் சூழவில்லை. அவ்வாண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் சிக்கிம் எல்லையில் நாதுலா, சோலா கணவாய்களில் சீனப் படையுடன் மோதல் ஏற்பட்டபோது நம் வீரர்கள் தங்கள் கடமையைக் கணவாயில் நின்று செய்தார்கள். தலைநகரில் அவர்களுக்கு வேலை இருக்கவில்லை.

தளபதி குமாரமங்கலத்தின் குடும்பத்தையும் இங்கே எண்ணிப்பார்ப்பது பயனுடையது. தந்தை காங்கிரஸ்காரர். தம்பி மோகன் நெடுங்காலம் கம்யூனிஸ்ட். பின்னர் காங்கிரசில் சேர்ந்து மத்திய அமைச்சரானவர். தங்கை பார்வதி கிருஷ்ணன் கோவைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற கம்யூனிஸ்ட் தலைவி. அரசியல் மணம் கமழ்ந்த வீடு அது. அந்த வீட்டிலிருந்து வந்த மூத்த மகன் மட்டும், சீருடை அணிந்த நாள்வரையில் அரசியலுக்கு வெளியிலேயே நின்றார். மூன்றாண்டுகள் முடிந்ததும் 1969 ஜூன் மாதம் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். மறு ஆண்டு அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கியது. 2000-ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஐரோப்பாவிலும் ஒரு பீரங்கிப் படை அதிகாரி இருந்தார். பாரிஸ் இராணுவப் பள்ளியில் 1785-ல் தேறியவர். பெயர் நெப்போலியன். 1804-ல் அவர் தம் தலையில் தாமே முடிசூடிக்கொண்டார். பத்தாண்டு காலம் ஐரோப்பா முழுவதும் இரத்தம் சிந்தியது. உலக வரலாற்றுப் புத்தகத்தில் நெப்போலியனுக்குத் தனிப் பாடம் இருக்கிறது. குமாரமங்கலத்துக்கு ஒரு வரிகூட இல்லை. ஆனால், அன்பு மாணவியரே, எந்த நாட்டில் பிறந்த தாய் நிம்மதியாக உறங்கியிருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள்!

ஒரே வகுப்பு, மூன்று நாடுகள்

"அவர் நல்ல மனிதர், அதனால் அப்படி நடந்துகொண்டார். அகாடமிக்கு இதில் என்ன பங்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை டேராடூனில் இருக்கிறது.

வெள்ளையர் ஆட்சியில் நெடுங்காலம் இந்தியர்கள் சிப்பாய்களாகலாம். அரசரின் ஆணை பெற்ற அதிகாரிகளாக முடியாது. முதல் உலகப்போருக்குப் பின்னர்தான் ஆண்டுக்குப் பத்து இந்தியருக்கு இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் அகாடமியில் இடம் கிடைத்தது. நம் நாட்டிலேயே ஓர் அகாடமி வேண்டும் என்ற தலைவர்களின் வற்புறுத்தலால், 1932-ல் டேராடூனில் இந்திய இராணுவ அகாடமி பிறந்தது. முதல் அணியில் 40 மாணவர்கள். தொடக்க விழாவில் தலைமைத் தளபதி செட்வுட் ஆற்றிய உரையின் சாரத்தை இன்றும் அங்கே மந்திரம்போல் போற்றுகிறார்கள்: நாடு முதலில், உன் கீழுள்ள வீரர்கள் அடுத்து, நீ எப்போதும் கடைசியில்.

அந்த நாற்பது பேரில் மூவரைப் பாருங்கள். ஒருவர் சாம் மானக்‌ஷா, இந்தியாவின் தளபதியானார். மற்றொருவர் முகம்மது மூசா, பாகிஸ்தானின் தளபதியானார். இன்னொருவர் ஸ்மித் டன். விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தளபதியானார். ஒரே மைதானத்தில் ஓடி, ஒரே மேசையில் உண்டு, ஒரே உரையைக் கேட்ட மூன்று தோழர்கள் மூன்று நாடுகளின் படைகளுக்குத் தலைவர்கள்!

அந்த மூன்று நாடுகளும் ஒரே பாதையில் சென்றனவா? இல்லை.

பாகிஸ்தானில் சாண்ட்ஹர்ஸ்டில் பயின்ற அயூப்கான் 1951 முதல் தலைமைத் தளபதி. 1954-ல் தளபதியாக இருந்தபடியே பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். 1958-ல் இராணுவச் சட்டம் பிறந்தது; அவர் ஆட்சியைக் கைப்பற்றினார். மூசா அவருக்குக் கீழே தளபதி. அயூப்கானுக்குப் பின் 1969-ல் வந்தவர் யாஹியாகான். அவர் நம் டேராடூன் அகாடமியிலேயே பயின்றவர். 1970-ல் தேர்தல் நடத்தினார். ஆனால் வென்றவர்களிடம் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. கிழக்கு வங்காளத்தில் தம் சொந்த மக்கள்மீதே படையை ஏவினார். முடிவு? 1971 டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் கைதாயினர். நாடு இரண்டாக உடைந்தது. எதிரில் இருந்த இந்தியத் தளபதி யார்? டேராடூனின் முதல் அணி மானக்‌ஷா. ஒரே அகாடமியில் பயின்ற இருவரில் ஒருவர் நாட்டையும் ஆண்டார், படையையும் ஆண்டார். மற்றவர் படையை மட்டும் ஆண்டார். நாட்டைப் பறிகொடுத்தவர் யார் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

பர்மாவின் கதை நம் தமிழ் மக்களைச் சுட்ட கதை. ஸ்மித் டன் 1949-ல் பதவியிலிருந்து விலக்கப்பட்டார்; அவ்விடத்துக்கு நீ வின் வந்தார். 1962-ல் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் ஆலைகளும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்துச் சேர்த்த இந்தியர்கள் இலட்சக்கணக்கில் வெறுங்கையோடு கப்பல் ஏறினர். அவர்களில் மிகப் பலர் தமிழர். சென்னைத் துறைமுகத்தருகே உள்ள பர்மா பஜார் என்ற பெயரே அந்தத் துயரத்தின் நினைவுச் சின்னம். பர்மாவில் படை ஆட்சி "ஐந்து வருடத்தில்" முடிந்ததா? 2021 பிப்ரவரியிலும், அந்நாட்டு இராணுவ அகாடமியில் பயின்ற தளபதி மின் ஆங் லைங், மக்கள் தேர்ந்தெடுத்தவர்களைச் சிறையில் அடைத்து ஆட்சியைப் பிடித்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கதை!

ஆகவே, அகாடமி மட்டுமே ஒரு நாட்டின் தலைவிதியை எழுதுவதில்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் அகாடமியில் பயின்ற கிராண்டும் லீயும் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் எதிரெதிர் அணிகளுக்குத் தலைமை தாங்கவில்லையா? அகாடமி ஒருவருக்குத் திறமையைத் தரும்; துணிவைத் தரும்; கட்டுப்பாட்டைத் தரும். அந்தத் திறமை எவருக்குக் கட்டுப்பட்டு நிற்கும் என்பதை முடிவு செய்வது அந்த நாட்டின் சட்டமும் அந்த நாட்டின் மக்களும்தான்.

வேலி போட்டவர்கள்

இந்தியா தப்பித்தது தற்செயலாக அன்று. வேலி போட்டுத்தான் பயிரைக் காத்தோம். 1950-ல் நமக்கு அரசியலமைப்புச் சட்டம் வந்துவிட்டது. முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் வைக்கப்பட்டது. 1951-52-ல் முதல் பொதுத்தேர்தலும் நடந்துவிட்டது. பாகிஸ்தானிலோ 1956-ல்தான் அரசியலமைப்பே வந்தது. வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த பொதுத்தேர்தல் 1970-ல்தான் நடந்தது. வெள்ளையர் காலத்தில் டில்லியில் தலைமைத் தளபதி குடியிருந்த மாளிகை விடுதலைக்குப் பின் பிரதமர் நேருவின் இல்லமாயிற்று. தீன்மூர்த்தி மாளிகை என்பது அதுவே. 1955-ல் 'கமாண்டர்-இன்-சீஃப்' என்ற பட்டமே நீக்கப்பட்டு, தரை, கடல், வான் ஆகிய மூன்று படைகளின் தலைவர்களும் சமநிலையில் வைக்கப்பட்டனர். தளபதியின் காலம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவேண்டும், அடுத்தவர் வருவார். 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை இருந்தபோதும் படை தன் பாசறையிலேயே இருந்தது. 1977-ல் மக்கள் வாக்குச் சீட்டாலேயே ஆட்சியை மாற்றினர்.

நம் வள்ளுவப் பெருந்தகையும் இதை அறிந்தவரே. பொருட்பாலில் முதலில் இறைமாட்சியை வைத்தார்; பின்னர் அமைச்சு; பின்னர் நாடு, அரண், பொருள்; அதன் பிறகே படைமாட்சி, படைச்செருக்கு என்னும் அதிகாரங்களை வைத்தார். படை ஆட்சியின் உறுப்பு, தலையன்று.

இங்கே ஓர் ஐயத்தையும் நீக்கிவிட விரும்புகிறேன். கட்டுப்படுதல் என்றால் வாய்பொத்தி நிற்றல் என்று பொருளன்று. 1959-ல் தளபதி திம்மையா, பாதுகாப்பு அமைச்சருடன் ஏற்பட்ட கருத்து வேற்றுமையால் பதவி விலகல் கடிதமே கொடுத்தார். பிரதமர் கேட்டுக்கொண்டதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். கோபம் கடிதமாயிற்றே அன்றிக் கலகமாகவில்லை. 1971 ஏப்ரலில் உடனே போருக்குச் செல்லப் படை ஆயத்தமாக இல்லை என்று பிரதமர் இந்திராவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னதாக மானக்‌ஷா பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். உண்மையைத் துணிந்து சொல்வது. முடிவு செய்தபின் மனமார நிறைவேற்றுவது. காலம் முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுவது. இம்மூன்றும் சேர்ந்ததே கட்டுப்பாடு. மானக்‌ஷா ஃபீல்டு மார்ஷல் என்ற உயர்ந்த பட்டத்தைப் பெற்று, 1973-ல் ஓய்வடைந்து, நம் நீலகிரிக் குன்னூரில் தோட்டம் வளர்த்து வாழ்ந்தார். 2008-ல் வெலிங்டனில் கண்மூடினார்.

நாம் திருப்பலியில் நற்கருணை பெறுமுன் சொல்லும் தாழ்மையான மன்றாட்டு யாருடையது? ஒரு படை அதிகாரியுடையது! கப்பர்நாகூம் ஊரின் நூற்றுவர் தலைவன், தன் கீழே வீரர்கள் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. தானும் ஓர் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதை முதலில் சொன்னான். அந்த அறிவைக் கண்டே ஆண்டவர் வியந்தார்.

இனி, அந்த லாரிக்காரத் தந்தைக்கு ஒரு சொல். ஐயா, வழியில் கைநீட்டுகிறவர்மீது உங்களுக்கு வரும் கோபம் நியாயமானது. இன்று அவர்மீது நீங்கள் புகார் எழுதலாம், பத்திரிகைக்குச் சொல்லலாம், நீதிமன்றத்துக்குப் போகலாம், ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த தேர்தலில் ஓட்டை மாற்றிப் போடலாம். இவை மெதுவாக நடக்கும் வழிகள்தாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளை துப்பாக்கியோடு ஆள்கிறவர் கைநீட்டினால் எவரிடம் போய் முறையிடுவீர்கள்? 1958-ல் பாகிஸ்தானிலும் உங்களைப்போல் நொந்துபோன நல்லவர்கள் பலர் இராணுவத்தை வரவேற்கத்தான் செய்தார்கள். துப்பாக்கி தானாக அரியணை ஏறுவதில்லை; கைதட்டல்தான் அதற்குப் படிக்கட்டு.

பெண்மக்களுக்கு வழி திறந்தது

அப்படியானால் அகாடமியே வேண்டாமா? அதுவன்று என் கருத்து. நாட்டுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று விரும்புகிறவர்கள், இராணுவத்தை அரியணைக்கு அழைக்கவேண்டியதில்லை. தம் வீட்டு நல்ல பிள்ளைகளை இராணுவத்துக்கு அனுப்பவேண்டும். நல்ல வீட்டில், நல்ல பள்ளியில் வளர்ந்தவர்கள் அதிகாரிகளாக இருக்கும்வரைதான் படை படையாக இருக்கும்.

முன்பெல்லாம் இதைப் பெண்பிள்ளைகளிடம் சொல்ல வழியில்லை. மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் பெண்கள் படையில் நெடுங்காலம் பணிபுரிந்ததுண்டு. ஆனால் மற்றப் பிரிவுகளில் அதிகாரிகளாகப் பெண்களைச் சேர்த்தது 1992-ல்தான். அவர்கள் பயிற்சி பெற்ற இடம் எது தெரியுமா? நம் சென்னைப் பரங்கிமலையில், 1963-ல் தொடங்கப்பட்ட அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி. இன்று அதுவும் அகாடமியாக உயர்ந்துள்ளது. 2020 பிப்ரவரியில், பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வழங்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஆகஸ்டில் தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வைப் பெண்களும் எழுதலாம் என்று ஆணையிட்டது. 2022-ல் புனே அருகே கடக்வாஸ்லாவில் முதல் பெண்கள் அணி நுழைந்தது. 2025 மே 30-ஆம் நாள் அவர்களில் 17 பேர், முந்நூறுக்கும் மேற்பட்ட ஆண் தோழர்களோடு அணிவகுத்து வெளிவந்தனர். நம் பக்கத்தில் உடுமலைப்பேட்டையருகே அமராவதிநகரில் 1962 முதல் நடக்கும் சைனிக் பள்ளியிலும் இப்போது சிறுமியரைச் சேர்க்கிறார்கள்.

விவரம் அறிய விரும்பும் மாணவியர்க்குச் சில குறிப்புகள். மேல்நிலைத் தேர்வு எழுதுகிறவர்களும் முடித்தவர்களும் இத்தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். வயது ஏறத்தாழ பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. கணக்குக்கு 300 மதிப்பெண். பொது அறிவு, ஆங்கிலம் முதலியவற்றுக்கு 600. தேறியவர்களை ஐந்து நாட்கள் வைத்து நேர்முகமாக ஆராய்கிறார்கள், அதற்கு 900. கடற்படைக்கும் வான்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்கவேண்டும். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். ஆகவே தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கூடுதல் உழைப்புப் போடவேண்டும். கணக்கைக் கண்டு ஓடுகிறவர்களுக்கும், காலை ஐந்து மணிக்கு எழ மனமில்லாதவர்களுக்கும் இது உரிய வழியன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோரின் அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. கண்காணாத தூரம், கடினமான பயிற்சி, உயிருக்கு ஆபத்து, திருமணம் தள்ளிப்போகுமோ என்ற கவலை. இவை யாவும் உண்மையானவை. தாய் தந்தையர் அஞ்சாமல் வேறு யார் அஞ்சுவார்கள்? ஆனால் அந்தக் குமாரமங்கலத்து வீட்டையே மீண்டும் ஒருமுறை பாருங்கள். தளபதியின் தாயார் ராதாபாய் சுப்பராயன், 1930-ல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்கள் சார்பில் கலந்துகொண்ட இருவரில் ஒருவர். பெண்கள் தெருமுனைக் கடைக்குப் போவதற்கே துணை தேடிய காலத்தில், திருச்செங்கோட்டுச் சீமையின் மருமகள் கடல் கடந்து சென்று, பேரரசின் தலைவர்கள் முன்னிலையில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார். மகன் தளபதியானது பெரிதா, தாய் மாநாட்டில் எழுந்து நின்றது பெரிதா என்று கேட்டால், தாய்தான் முந்தியவர் என்பேன். துணிவும் கட்டுப்பாடும் உல்விச்சில் தொடங்கவில்லை, அம்மாவிடம் தொடங்கின.

அதனால்தான் நான் சொல்கிறேன்: அகாடமிக்கு முந்திய அகாடமி வீடு, அடுத்தது பள்ளி. மணியடித்தவுடன் வரிசையில் நிற்கும்போது, வகுப்புத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் ஆண்டு முடிந்ததும் முகம் சுளிக்காமல் அடுத்தவளிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது, தப்பு நடந்தால் சிஸ்டரிடம் பணிவோடும் துணிவோடும் எடுத்துச் சொல்லும்போது நீங்கள் கற்பது சிறிய பாடமன்று. உங்களில் ஓரிருவரே அகாடமிக்குப் போவீர்கள். ஆனால் பதினெட்டு வயதில் உங்கள் அனைவர் கைக்கும் வாக்குரிமை வரும். தளபதியைப் பாசறையில் நிறுத்திவைக்கும் வேலி அந்த வாக்குச் சீட்டுத்தான். அதைக் காசுக்கும் சோம்பலுக்கும் கொடுத்துவிட்டு, பிறகு "மிலிட்டரி வரட்டும்" என்று சொல்லாதீர்கள்.

இதை எழுதும் இந்நேரம் அந்த மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். விடியற்காலையில் ஓடவும் தொடங்கியிருக்கிறாள். அவள் தந்தை இன்னும் "ஆகட்டும்" என்று சொல்லவில்லை. ஆனால் "வேண்டாம்" என்று சொல்வதை நிறுத்திவிட்டாராம். சென்ற மாதம் லோடு இறக்கித் திரும்புகையில், திருச்செங்கோடு வழியாக வரும்போது லாரியை ஓரங்கட்டி, குமாரமங்கலத்துக்குப் போகும் பாதை எது என்று ஒருவரிடம் கேட்டாராம். மகள் வந்து சொன்னாள்.

என் கடன் பாதி தீர்ந்தது என்று எண்ணுகிறேன். மீதிப் பாதியை அவளே தீர்த்துவைப்பாள்.

- வரலாற்று ஆசிரியை